அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்

ஆசிரியருக்கு,

ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் காலியான ஊர்களுக்குச் சுற்றுலா போவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே போவதே தவறு என்று சொல்ல மாட்டேன்; போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குள் புகுந்து படம் எடுப்பதைச் சாகசம் போல எழுதியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. 2011 மார்ச்சில், அந்த ஊர்களில் ஒன்றான ஃபுடாபாவை விட்டு வெளியேறிய சுமார் 7,000 பேரும் வீடு வேண்டாம் என்றா போனார்கள்? 2022 ஆகஸ்டு இறுதி வரை அங்கே குடியிருக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஊரின் பெரும்பகுதியில் அதற்குப் பிறகும் தடை நீங்கவில்லை.

ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் நானும் போயிருக்கிறேன். அழைத்துப் போனவர் அந்த ஊர்க்காரர். ஒரு வீட்டின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சரிந்த அலமாரியும் சின்னக் குழந்தையின் செருப்புகளும் கிடந்தன. கேமராவை எடுத்தவர்களிடம், "வீட்டுக்காரர்கள் இன்னும் வந்து போகிறார்கள், வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். பார்ப்பதற்கென்றே 2020இல் ஃபுடாபாவில் பேரிடர் நினைவு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான நமியேவில், சுனாமியில் சிதைந்த உக்கேதோ தொடக்கப் பள்ளியும் நினைவிடமாகத் திறந்திருக்கிறது. அடுத்த முறை இவற்றின் விவரங்களையும், உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டும் சுற்றுகளில் சேரும் முறையையும் பெட்டிச் செய்தியாகத் தாருங்கள். வீடுகளின் உட்புறப் படங்களை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

— ஒரு வாசகர், திருச்சி