கருவாட்டுக் களம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

தேவிபட்டினம் கடையை மூடப்போகிறோமா என்று ஒரு வாரமாகப் போன் மேல் போன். மூடவில்லை. போவது திருப்பாலைக்குடிப் பக்கம் நாங்கள் கருவாடு காயப்போடும் களம்தான். ரோட்டை அகலப்படுத்த அந்த இடத்தை அரசு எடுக்கிறது.

அப்புறம், ‘கடைக்காரருக்கு அரசுப் பணம் கொட்டிவிட்டது, அப்படியும் விலையைக் கூட்டுகிறார்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதுதான் தூங்க விடவில்லை. களம் இருப்பது குத்தகை நிலத்தில். பட்டா வேறொருவர் பேரில். நிலத்தின் மதிப்பும், அதற்கு ஈடாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகையும் அவருக்குத்தான். அவர் நிலம், அவர் பணம், வருத்தமில்லை. ஆனால் 14 வருஷமாக மண்ணடித்து மேடாக்கி, சிமெண்டுத் தளம் போட்டு, மூங்கில் பரண் கட்டியது நாங்கள். அளக்க வந்தவர்களிடம் கேட்டால், ‘அதெல்லாம் நிலத்தோடு சேர்ந்தது’ என்கிறார்கள்.

2013 நிலமெடுப்புச் சட்டப்படி, சொந்த நிலம் இல்லாத குத்தகைக்காரரும் மூன்று வருஷம் அங்கே பிழைத்திருந்தால் உதவி பெறவேண்டிய ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான். அதைச் சொன்னால் பதிவு செய்த பத்திரத்தைக் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது 20 ரூபாய் முத்திரைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்திருக்க வேண்டும்தான். இந்தக் கரையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? சரி, தப்பு தப்புதான். ஆட்சேபம் சொல்லக் கெடு உண்டு. அறிவிப்பு பேப்பரில் வந்ததாம், பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டினார்களாம். எங்களுக்குத் தெரிந்தது கல் நட்ட அன்றுதான். இன்றுவரை ஒரு ரூபாய் கைக்கு வரவில்லை. சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள், பாஸ்புக்கையே காட்டுகிறேன்.

வேறு களத்துக்கு வாடகை இரண்டு மடங்கு கேட்கிறார்கள். அதனால் நெத்திலி கிலோவுக்கு 40 ரூபாய் கூடுகிறது. சாளையும் வாளையும் பழைய விலையே. களம் அமையும்வரை கொஞ்சம் சரக்கு வெளியிலிருந்தும் வரும், உப்பு தூக்கலாக இருந்தால் இன்னொரு தண்ணீர் அலசிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத நாளிலும், ‘வரும்போது அனுப்புங்கள்’ என்று முன்பணம் தந்தவர்கள் நீங்கள். மதுரைக்கும் சென்னைக்கும் பார்சல் தாமதமானபோதுகூட ஒருவர் கடிந்துகொண்டதில்லை. அதை மறக்கமாட்டோம். களத்தில் வேலை பார்க்கும் ஆறு அக்காமாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பரண்களைப் பிரிக்கிறோம். செவ்வாயும் புதனும் கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

இப்படிக்கு,
கடைக்காரர்