பேஸ்மென்டை முதலில் சோதித்துப் பார், மகளே

அன்புள்ள மகளுக்கு,

புது வீட்டுப் படங்களைப் பார்த்தேன், மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வேலை மேசையைப் பேஸ்மென்டில் போட்டிருக்கிறாய், பேரனும் நாளெல்லாம் அங்கேதான் விளையாடுகிறான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ரேடான் சோதனை செய்தீர்களா?

மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கிற கதிரியக்க வாயு இது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தரை விரிசல், குழாய் நுழைகிற இடுக்கு என்று கிடைத்த வழியில் உள்ளே வந்து, மூடிய அறையில் தேங்கிவிடும். குளிர்காலத்தில் ஜன்னல்களைச் சாத்தி ஹீட்டர் ஓடும்போது சூடான காற்று மேலே ஏற ஏற, அடியில் இருக்கிற மண்ணிலிருந்து வீடே அதை உறிஞ்ச ஆரம்பிக்கும். மூச்சோடு உள்ளே போனால், அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா கதிரை அங்கேயே வீசும். உடனே இருமலோ தலைவலியோ வராது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும். அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 21,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய் வந்து சாகிறார்கள் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. மாப்பிள்ளையிடம் சொல், சிகரெட்டும் ரேடானும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. இதை நான் சொன்னதாகவே சொல்.

1984-ல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினியர், அணுமின் நிலைய வேலைக்கு வந்து போகும்போதெல்லாம் கதிர்வீச்சு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நிலையம் அப்போது ஓடவே ஆரம்பிக்கவில்லை. தேடிப் பார்த்தால், அவர் வீட்டில் தேங்கியிருந்த ரேடானின் கதிர்தான் அவரோடு வந்திருக்கிறது! பக்கத்து வீட்டில் சோதித்தார்கள், ஒன்றும் இல்லையாம் என்று நீ இருந்துவிடாதே. ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு வீடுகளில்கூட அளவு எங்கேயோ எங்கேயோ இருக்கும்.

சோதனை சுலபம்தான். காற்றிலுள்ள ரேடானைப் பிடித்து வைக்கிற கரித்தூள் கிட் வாங்கு. வைப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும், சோதனை முடிகிறவரை திறக்கக் கூடாது, ஆள் வந்துபோகக் கதவு திறப்பதால் பாதகமில்லை. பேஸ்மென்டில், நீ உட்கார்ந்து மூச்சுவிடுகிற உயரத்தில், ஜன்னல், ஹீட்டர், குளியலறை எதற்கும் பக்கத்தில் இல்லாமல் வை. சொன்ன நாள் முடிந்ததும் உடனே மூடி ஒட்டி லேபுக்கு அனுப்பிவிடு, தாமதித்தால் பிடித்த ரேடானில் பாதி, நான்கு நாளுக்குள் சிதைந்துபோய் முடிவு கெட்டுவிடும்.

காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடுதலாக வந்தாலும் வீட்டை விற்க வேண்டியதில்லை. தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் போட்டு, ஃபேன் வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றிவிடுவார்கள். விரிசலை மட்டும் பூசினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

அதுவரை மேசையை மேலே கொண்டுபோய் வைத்துக்கொள். கிட்டை எங்கே வைத்தாய் என்று ஒரு போட்டோ அனுப்பு, நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா