பனங்கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். இந்த ஆண்டு தாவரப் பாடத்துக்குச் சார்ட்டும் தெர்மாகோல் மாதிரியும் கேட்காதீர்கள், அதற்குப் பதிலாகப் பள்ளி வளாகத்தில் ஒரு பனங்கிழங்குப் பாத்தி போடுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்தச் சார்ட் எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கே தெரியும். வேர், தண்டு, இலை, பூ, கனி என்று அம்புக்குறி போட்ட படம். பாதி வீடுகளில் அம்மா வரைகிறாள், மீதி வீடுகளில் கடையில் வாங்குகிறார்கள். அது வகுப்புச் சுவரில் ஏறுகிறது. சுவருக்கு வெளியே வேம்பு நிற்கிறது, குப்பைமேனி நிற்கிறது, புல் மண்டிக் கிடக்கிறது. மழை பெய்த மறுநாள் ஒரு குப்பைமேனியையும் ஒரு புல்லையும் வேரோடு பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஆணிவேர் எது, சல்லிவேர் எது என்று அஞ்சு நிமிஷத்தில் பிள்ளை தானே சொல்லிவிடும்.

பனைக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பனங்கிழங்கு தெரியும், பொங்கலுக்குக் கிழங்கு இல்லாத வீடு கிடையாது. ஆனால் அது மண்ணுக்குள் எப்படி உண்டாகிறது என்று கேட்டுப்பாருங்கள், பெரியவர்களே யோசிப்பார்கள். பனங்கொட்டையின் முளை மேலே வருவதில்லை. முதலில் நேராகக் கீழே இறங்குகிறது. பிற்காலத்தில் பனையாகப் போகிற குருத்தும் அந்த முளையின் நுனிக்குள்ளேயே இருந்துகொண்டு கீழே போகிறது. ஆழத்துக்குப் போன பிறகுதான் வேர் விடும், கிழங்கு திரளும், அப்புறம் குருத்து மேலே எட்டிப்பார்க்கும். மேல்மண் காய்ந்து வெடித்தாலும் குருத்து பத்திரமாக இருப்பது இதனால்தான்.

அதே கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோலத் தவுன் இருக்கும். பிள்ளைகள் ருசித்துத் தின்பார்கள். அது என்ன வேலை செய்கிறது? சித்திரையில் நாம் தோண்டிக் குடித்த நுங்குதான் முற்றினால் கொட்டைக்குள் கல்லாகிப்போகிறது. அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து முளைக்கு ஊட்டுவது தவுன். கொட்டையில் இருந்த சாப்பாடு இப்படித்தான் கிழங்குக்கு இடம் மாறுகிறது. விதைக்குள் உணவு சேமிப்பு என்று புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை இங்கே வெட்டிப் பார்க்கலாம், தொடலாம், தின்னவும் செய்யலாம். இதைவிட நல்ல பாடப்பொருளை எந்தக் கடையும் விற்காது.

பள்ளிக் காலண்டருக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆடி, ஆவணியில் பழம் விழும். புரட்டாசிக்குள் கொட்டைகளைச் சேர்த்து, இரண்டடி உயரத்துக்கு மண்ணை இளக்கிக் குவித்து, மேலே நெருக்கமாக அடுக்கி மூடிவிட வேண்டும். வாரம் ஒரு கொட்டையை மட்டும் தோண்டி எடுத்து, முளையின் நீளத்தை ஸ்கேலில் அளந்து, படம் வரைந்து, தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். பொங்கல் விடுமுறைக்கு முன்னால் அறுவடை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே செயல்பாடு வழியாகக் கற்பதைத்தான் சொல்கிறது. அளப்பதும் எழுதுவதும் அதிலேயே வந்துவிடுமே.

கிழங்கு திரளும் வரை காத்திருக்க முடியாத சின்ன வகுப்புக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை போதும். இரண்டிலும் மண் போட்டுத் தட்டாம்பயறு விதைத்து, ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள், இன்னொன்றை அட்டைப்பெட்டிக்குள் மூடிவையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். எது உயரமாக வளரும் என்று முதலிலேயே கேட்டு எழுதிவைக்கச் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் வெயிலில் இருப்பதைச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இருட்டில் இருந்ததுதான் நெட்டையாக, வெளிர் மஞ்சளாக நிற்கும். வகுப்பில் சண்டையே நடக்கும். தயவுசெய்து உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். கோயில் கொடைக்கு முளைப்பாரி வளர்த்த ஆச்சி யார் வீட்டிலாவது இருப்பார். முளைப்பாரியை ஏன் இருட்டறையில் வைக்கிறோம் என்று அவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சிரட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சில நாளில் இலை பச்சையாவதைப் பார்க்க விடுங்கள். செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்ற எண்ணம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது. முளைக்கிற வரை விதையில் இருக்கும் உணவு, அதற்குப் பிறகு பச்சை இலையும் வெளிச்சமும் சேர்ந்து சமைக்கிற உணவு என்று அவர்களே பிரித்துச் சொல்ல இந்தச் சிரட்டைகள் உதவும்.

தண்டுக்குக் காசித்தும்பை. கிளையை ஒடித்துச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தினால், கண்ணாடி மாதிரியான அந்தத் தண்டில் சிவப்பு ஏறுவது வெளியிலிருந்தே தெரியும்.

கன்று நடும் விழாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் நட்டுப் படம் எடுக்கிறோம். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் சாரல் விழும், பிழைத்துக்கொள்ளும். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்று மண்ணையே வாரிக்கொண்டு போகிறதே, அங்கே கன்று எப்படி நிற்கும்? நமக்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். நடுவதை அதை ஒட்டி வையுங்கள். தான் நட்ட கன்று கருகுவதை வருஷா வருஷம் பார்க்கிற பிள்ளைக்குச் செடியின் மேல் எப்படி அக்கறை வரும்?

பிள்ளைகளைச் செடிகளைத் தொட விடப் பயப்படுவதும் நியாயம்தான். மஞ்சள் அரளிக் காயும் ஆமணக்கு விதையும் விஷம், எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அதனாலேயே இவற்றை முதல் வாரத்தில் பெயர் சொல்லிக் காட்டிவிடுங்கள். செடிப் பக்கமே போகாதே என்று அதட்டுவதைவிட அது பாதுகாப்பானது.

கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. நல்லது, தொடரட்டும். ஆனால் அது வருஷத்தில் ஒரு நாள். நான் கேட்பது வாரத்துக்கு ஒரு பாடவேளை, வகுப்பறைக்கு வெளியே.

உங்கள் சுமை தெரியாமல் எழுதவில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன, அதற்கு மேல் செல்போனில் ஏற்றவேண்டிய பதிவுகள் வேறு. அதனால் பாத்தி வேலையை எங்களிடம் விடுங்கள். மண் கொத்தவும் கொட்டை சேர்க்கவும் பெற்றோர் வருவோம். எங்கள் ஊரில் பனையேறிய தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஆண் பனை, பெண் பனையை எப்படி அடையாளம் காண்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களைவிட யார் இருக்கிறார்கள்? சார்ட்டுக்குப் போடுகிற மதிப்பெண்ணை முளையை அளந்து எழுதிய அந்த நோட்டுக்குப் போடுங்கள், எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. முளைக்காத கொட்டைக்கு யாரையும் திட்ட வேண்டாம். ஏன் முளைக்கவில்லை என்று பிள்ளை எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஆவணி முடிவதற்குள் இடத்தைக் காட்டிவிட்டால் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஒருவர்