கேட்டுப் பெற்ற பிள்ளையின் பெயர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பேரனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைக்கப் போகிறீர்கள் என்ற வரியை என் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். உன் மருமகள் எட்டு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. எபிரெய வேதாகமத்தின் பொடி எழுத்துகளையும் அவற்றின் கீழுள்ள புள்ளிகளையும் மறுபடி வாசிக்க முடிகிறது.

ஞானஸ்நான அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ‘கடவுள் கேட்டருளினார்’ என்று அர்த்தம் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பலரும் சொல்லும் அர்த்தம்தான் அது. ஆனால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

எபிரெயத்தில் காதால் கேட்பதற்கு ‘ஷாமா’ என்பார்கள். ஷின், மேம், அயின் என்ற மூன்று எழுத்துகள் அதன் வேர். அயின் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. நமக்கு அதற்கு எழுத்து இல்லை. வனாந்தரத்தில் ஆகாரிடம் தூதன் சொன்ன இஸ்மவேல் என்ற பெயரில் அந்த அயின் தெளிவாக நிற்கிறது. அது ‘கடவுள் கேட்கிறார்’ என்றே பொருள்படும். லேயாளின் மகன் சிமியோன் பெயரிலும் அயின் உண்டு. சாமுவேலை எழுதிப் பார்: ஷின், மேம், வாவ், ஆலெஃப், லாமேத். அயின் இல்லை. அதனால்தான் ‘ஷேம்’ என்றால் பெயர், ‘ஏல்’ என்றால் கடவுள் என்று பிரித்து, ‘கடவுளின் பெயர்’ அல்லது ‘அவர் பெயர் ஏல்’ என்று அறிஞர்கள் பலர் பொருள் கொள்கிறார்கள்.

ஆனால் வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசியைப் பெற்ற அன்னாள் சொன்ன காரணம் இந்த இரண்டும் அல்ல. 1 சாமுவேல் 1:20இல், கர்த்தரிடத்தில் இவனைக் கேட்டேன் என்று சொல்லி அன்னாள் பெயரிடுகிறாள். அங்கே வரும் சொல் ‘ஷாஅல்’. வேண்டிக் கேட்பது, இரப்பது என்று பொருள். அதன் வேர் எழுத்துகள் ஷின், ஆலெஃப், லாமேத். இவற்றைச் சாமுவேலின் ஐந்து எழுத்துகளுக்குள் தேடிப் பார். ஷின் தலையில் இருக்கிறது, ஆலெஃபும் லாமேதும் கடைசியில் இருக்கின்றன. இலக்கணப்படி இது வேர்ச்சொல் விளக்கம் ஆகாது. ஆனால் வேதாகமத்துத் தாய்மார்கள் பெயரிட்டது காதை நம்பித்தான். மோசேயின் பெயரும் அப்படியே. தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. பெயரோ எகிப்தியச் சொல்லிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ‘கேட்கப்பட்டவன்’ என்ற பொருள் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பெயர் வேறொருவனுடையது. அவன் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல், எபிரெயத்தில் ‘ஷாஊல்’. பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஆசாரியன் ஏலியின் முன் கொண்டுவந்து நிறுத்தும்போது அன்னாள் ‘ஹூ ஷாஊல்’ என்றே சொல்கிறாள் (1:28). எபிரெயம் அறிந்த காதுக்கு ‘இவன் சவுல்’ என்றும் அது ஒலிக்கும்! இந்தப் பிறப்புக் கதை முதலில் சவுலைப் பற்றியதாக இருந்து, பிறகு சாமுவேலுக்கு மாறியிருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதியவர் தெரிந்தேதான் இந்தச் சொல்லை விதைத்திருக்கிறார். பின்னால் ஜனங்கள் ராஜாவைக் கேட்கிறார்கள்; கிடைப்பவன் சவுல். கடைசியில் 28ஆம் அதிகாரத்தில் சவுல் கர்த்தரிடம் கேட்கிறான்; பதில் இல்லை. எந்தோர் என்ற ஊரில் இறந்தவர்களை எழுப்பிக் குறிசொல்லும் ஒருத்தியிடம் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். என்னிடம் ஏன் கேட்கிறாய் என்கிறார் சாமுவேல். அங்கேயும் அதே வேர்தான். கேட்டுப் பெற்ற பிள்ளையிடமே கேட்கப்பட்ட ராஜா வந்து கேட்டு, வெறுங்கையோடு திரும்புகிறான். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகிறது.

இனி நம் தமிழுக்கு வருகிறேன். எபிரெயத்துக்கு இரண்டு வேர் வேண்டியிருக்கிறது, வேண்டுவதற்கு ஒன்று, செவிகொடுப்பதற்கு ஒன்று. தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’ ஒன்றே போதும். அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் கேட்டாள். கர்த்தர் கேட்டார். ஒரே வினையில் ஜெபமும் பதிலும் அடங்கிவிடுகின்றன. இத்தனை வருடமும் தமிழில் இந்த அதிகாரத்தை வாசித்த எனக்கு, எபிரெய எழுத்துகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் இது புலப்பட்டது.

உன் சம்பந்தி ‘வேல்’ எப்படி வந்தது என்று கேட்டாராமே. அது முருகன் கை வேல் அல்ல. சாமு என்பதன் உகரத்துக்கும் ஏல் என்பதற்கும் நடுவே நின்ற வகர உடம்படுமெய். தானியேலில் இகரத்துக்குப் பின் யகரம் வந்ததும் அதே கணக்குதான். பள்ளியில் நம் தமிழாசிரியர் பிரம்பை வைத்துக்கொண்டு நடத்திய பாடம், நினைவிருக்கிறதா?

ஆகவே அழைப்பிதழில் அர்த்தம் என்று தனியாக எதுவும் போடாதே. 1:20இல் உள்ள அன்னாளின் வார்த்தையை மட்டும் போடு. எட்டு வருடம் கேட்டவள் உன் மருமகள். அந்த வரி அவளுடைய வரியாகவே இருக்கட்டும்.

நாங்கள் இருவரும் சனிக்கிழமை இரவே வந்துவிடுவோம். அன்னாள் வருடந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாளே, அதை வாசித்ததிலிருந்து என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். குழந்தையின் மார்பளவும் கை நீளமும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்