146 நாள்

ரங்கூன்,
கார்த்திகை 9

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். அப்பாவின் முழங்கால் பழைய மாதிரிதான். வைபரில் எழுதினால் பார்த்தாச்சு என்று மட்டும் காட்டுகிறது, பதில் வருவதில்லை. பெரியம்மா மகன் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்கு வருவதால் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கம்பெனிக் கணக்கு அனுப்பி, "சும்மா பாரும்மா" என்றாய். நீ சும்மா என்று சொன்னால் சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா? பெசண்டாங் கடையில் பிரின்ட் எடுத்து, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து நாலு நாள் உட்கார்ந்தேன். பத்தாங்கிளாஸில் கணக்குக்கு டி, அதாவது டிஸ்டிங்ஷன், வாங்கியவள் நீ. அந்த ரிசல்டை அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். நீயே வகுத்துப் பார்த்திருக்கலாம்.

அந்தக் கம்பெனிக்காரப் பையன் உனக்குக் காட்டியது லாப நட்டக் கணக்கு. அது பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் கூடம் மாதிரி, பெருக்கித் துடைத்துதான் வைத்திருப்பார்கள். கொல்லைப்புறம் ஐந்தொகையில், அதாவது கையில் என்ன இருக்கிறது, கடன் எவ்வளவு என்று காட்டும் பாலன்ஸ் ஷீட்டில், இருக்கிறது. அதையும் ஒரு வருஷத்துக்கு மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

விற்பனை 4,50,000 டாலரிலிருந்து 6,20,000 ஆகியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 74,000 ஆக இருந்தது, இப்போது 2,48,000. பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கிப் பார். போன வருஷம் சரக்குக் கொடுத்து 60 நாளில் காசு வந்திருக்கிறது. இப்போது 146 நாள். விற்றது 1,70,000 கூடியிருக்கிறது, பாக்கி 1,74,000 கூடியிருக்கிறது. அதிகம் விற்றதெல்லாம் கடனுக்குத்தான் போயிருக்கிறது, பாப்பா. கடனுக்கு விற்றாலும் விற்ற அன்றே லாபத்தில் ஏறிவிடும். காசு வந்ததா என்று அந்தத் தாள் கேட்காது.

அதைக் கேட்கிற தாள் கேஷ் ஃப்ளோ. அதை நீ அனுப்பவில்லை, அல்லது உனக்கு அவர்கள் தரவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். லாபம் 58,000. தேய்மானம் 9,000, அது கையைவிட்டுப் போகாத செலவு, கூட்டிக்கொள். பாக்கி கூடியது 1,74,000, சரக்கிருப்பு கூடியது 41,000, இரண்டையும் கழி. இவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது 60,000 கூடியிருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள். மைனஸ் 88,000 வரும். 58,000 லாபம் என்று எழுதிய வியாபாரம் அதே வருஷத்தில் 88,000 ரொக்கத்தைத் தின்றிருக்கிறது. ரொக்கத்தைப் பார், முதலில் ரொக்கத்தைப் பார்.

ஆடிட்டர் கையெழுத்து இல்லையே என்று பெரியம்மா மகனிடம் கேட்டேன் (யாருக்கு என்று சொல்லவில்லை). அங்கே விற்பனை ஒரு கோடி டாலர், சொத்து ஒரு கோடி டாலர், ஆள் 50 பேர், இந்த மூன்று வரம்பில் இரண்டைத் தாண்டாத சின்னக் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயமில்லையாம். தப்பு ஒன்றும் இல்லை. அவர்களைத் தவிர வேறு யாரும் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா பியாப்பானில் செட்டியார் வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எனக்குச் சிட்டையும் பேரேடும் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தபோது கடன் வாங்கியவர்கள் காசு கொடுக்க முடியாமல் நிலத்தைக் கொடுத்தார்கள். 1938க்குள் கீழ் பர்மா நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பேரில் வந்துவிட்டது. ஏட்டில் பார்த்தால் ராஜா. யாருக்கும் அந்த நிலம் வேண்டாம், விற்றால்தானே பணம்? 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டா நடக்க முடிந்தது? தாத்தா வெற்றிலையை மடித்தபடி, "ஐந்தொகை சரியாகத்தான் நின்றது" என்பார். ரொக்கம் ரொக்கம் என்கிற நானும் 1987ல் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதமானதைப் பார்த்தவள்தான். இருந்தாலும் சொல்கிறேன், ரொக்கத்தைப் பார்.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நாலு நாளாக யோசித்தேன்.

2017 ஆகஸ்டில் டெல்லியில் உளுந்து, பாசிப்பயறு இரண்டுக்கும் சேர்த்து இறக்குமதிக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். பெயின்னவுங் சந்தையில் விலை தரைக்கு வந்தது. நம் வியாபாரத்தில் சித்தப்பா போட்ட பணம் அதில்தான் போயிற்று என்று வீட்டில் எல்லாரும் சொல்வதை நீ கேட்டிருப்பாய். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை.

அந்த வருஷம் மார்ச்சில் கணக்கு முடித்தவள் நான். மொன்யுவா ஆள் ஒருவர் நமக்குத் தரவேண்டியது 400 லட்சம் கியாட். கடையை மூடிவிட்டு அவர் போய் எட்டு மாதமாகியிருந்தது. வாராது என்று எனக்குத் தெரியும். வாராக்கடன் என்று எழுதியிருந்தால் அந்த வருஷம் நட்டம். ராத்திரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தாலும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வரவேண்டிய பாக்கியிலேயே விட்டுவிட்டேன். லாபம் வந்தது. அடுத்த மாதம் சித்தப்பா வந்தார். "அண்ணி எழுதினா அதுல என்ன பார்க்கிறது" என்று ஏட்டைத் திறக்கக்கூட இல்லை. தாட்டோன் வீடு விற்ற பணத்தைக் கூடத்தில் வைத்துவிட்டு, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்பாவுக்கும் இது தெரியாது. டெல்லி உத்தரவே வராமல் இருந்திருந்தாலும் அந்த 400 லட்சம் வந்திருக்காது. இப்போது சித்தப்பா தீபாவளிக்கு வருவதில்லை. டெல்லிக்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் பலகாரம் சுடுகிறேன்.

அதனால் அந்தப் பையன் உன்னை ஏமாற்றுகிறான் என்று நான் சொல்லவில்லை. அவனும் ராத்திரி பேனாவோடு உட்கார்ந்திருக்கலாம். அவனிடம் சண்டை போடாதே. யார் யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக, அந்தப் பட்டியலைக் கேள். 90 நாள் தாண்டியதைத் தனியாகக் கூட்டிப் பார். எல்லாம் ஒரே ஆளிடம் நிற்கிறதா என்று பார். கணக்கு முடித்த பிறகு அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பாங்க் தாளில் பார். நல்ல பையனாக இருந்தால் கேட்டதற்குக் கோபப்பட மாட்டான்.

இன்னொன்று. ஐந்தொகையில் கடைசிக்கு மேல் வரியில் "இதர கடன் 30,000" என்று இருக்கிறது. போன வருஷம் அந்த வரியே இல்லை. யார் கொடுத்தது என்று குறிப்பு 11இல் பார்க்கச் சொல்லியிருக்கிறது, ஆனால் நீ அனுப்பியதில் குறிப்பு 9 வரைதான் இருக்கிறது. சித்திரையில் நீ உன் சேமிப்பு எவ்வளவு என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பு. அப்பாவிடம் காட்ட மாட்டேன். திட்டவும் மாட்டேன், திட்ட எனக்கு வாயில்லை என்று மேலே எழுதிவிட்டேன்.

சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

பெரியம்மா மகன் கையில் லபெட் ஊறல் தேயிலையும் வறுத்த பயறும் கொடுத்திருக்கிறேன். இரண்டு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். அந்தப் பையன் சாப்பிடுவானோ என்னவோ, அவனுக்குக் கட்டியதில் காரம் கொஞ்சம் குறைவு.

அம்மா