கொட்டிக் கவிழ்த்த மஞ்சள் ஒயின்

அன்புள்ள முருகேசா,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். இங்கே அனைவரும் நலம். மல்லிகாவின் முழங்கால் வலி மட்டும் குளிர் தொடங்குவதற்காகக் காத்திருக்கிறது.

இப்போது எழுதுவது நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்லத்தான். எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் கிழக்குப் பிரான்சின் ஜூரா மலைப்பக்கத்துக்காரர். நான் பணி ஓய்வு பெற்ற அன்று குட்டையான, தோள் அகன்ற ஒரு ஒயின் புட்டியைக் கொடுத்தார். திறந்தால் வால்நட் பருப்பு வாடையும் கறிமசாலா வாடையுமாக இருந்தது. நாக்கில் வைத்தால் சுரீரென்ற புளிப்பு. கெட்டுப்போய்விட்டது என்று தீர்மானித்து, அவ்வளவையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டேன். மறுநாள் மாடிப்படியில் "எப்படி இருந்தது?" என்று கேட்டவரிடம் "பிரமாதம்" என்றேன். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. அந்த மோர்க்குழம்புக் கதையை மறுபடி ஆரம்பிக்காதே.

மனம் கேட்காமல் சென்ற மாதம் ஜூராவின் ஒயின் ஊரான ஆர்புவாவுக்கே போனேன். பொதுவாகப் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும்போதெல்லாம், காற்றுப் பட்டுக் கெட்டுவிடாமல் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஜூராவிலோ, வான் ஜோன் எனப்படும் மஞ்சள் ஒயினுக்கான சவன்யான் திராட்சை ரசத்தை நொதிக்கவைத்தபின் வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார்கள். அதன்மேல் ஈஸ்ட் பாலாடைபோல் படலம் கட்ட, அதன் காவலில் அது ஆறு ஆண்டும் மூன்று மாதமும் கிடக்கிறது. படலம் கலைந்துவிடக் கூடாதென்று நிலவறைக்காரர் பீப்பாயின் கீழ்ப்பகுதியிலிருந்த சிறு குழாயைத் திருகித்தான் எனக்கு ஒரு மடக்குப் பிடித்துக் கொடுத்தார். அதே வாடை! நான் சாக்கடைக்கு அனுப்பிய அதே வால்நட் வாடை! புட்டியின் அளவு 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

அங்கே சிவப்பை முதலில் கொடுத்து, வெள்ளையைப் பிறகு கொடுக்கிறார்கள். பூல்சார் என்ற மெல்லிய தோல் திராட்சையின் சிவப்பு ஒயின் ரோஜாப்பூ சர்பத்தைப்போல் வெளிறியிருக்கிறது. சவன்யானுக்குப் பின் அதைக் குடித்தால் தண்ணீராகத்தான் தோன்றும். த்ரூசோ என்ற இன்னொரு சிவப்பு சற்று அழுத்தமானது. பரப்பில் அதிகம் பயிராவது என்னவோ ஷார்தொனே என்ற வெள்ளைத் திராட்சைதான். விஞ்ஞானி லூயி பாஸ்தர் வளர்ந்த ஊர் ஆர்புவா. அவர் 1878-இல் அங்கே கொடிகளைக் கண்ணாடிக் கூண்டால் மூடி, நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பழத்துக்குள்ளிருந்து பிறப்பதில்லை, வெளியிலிருந்தே வருகிறது என்று நிரூபித்தார். அந்த ஈஸ்டைத்தான் நான் அழுகல் என்று நினைத்தேன்.

முருகேசா, அந்தப் புட்டி பெரியவரின் மனைவி உயிரோடிருந்தபோது வாங்கிவைத்ததாம். திரும்பி வந்தபின்தான் தெரிந்தது.

ஜூராவிலேயே மஞ்சள் ஒயினுக்குப் பேர்போன ஷாத்தோ-ஷாலோன் ஊர்ப் புட்டி ஒன்றை, மல்லிகாவிடம் விலையைப் பாதியாகச் சொல்லி, வாங்கி வந்திருக்கிறேன். 2021 ஏப்ரல் உறைபனியில் தளிர்கள் கருகியதால் அந்த ஆண்டுச் சரக்கு மிகக் குறைவு; அதுவும் 2028-இல்தான் விற்பனைக்கு வருமாம், விலை இறங்கும் என்று காத்திருந்து பயனில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அவரோடு உட்கார்ந்து குடிப்பதா, வாயை மூடிக்கொள்வதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாக வாக்குவாதம். பஞ்சாயத்து உனக்குப் புதிதில்லை. தீர்ப்பை உடனே எழுது.

உன்,
சேகர்