மனசில் வைத்துக்கொள்ளாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாததா? இங்கே ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கிணற்றில் நாலு படி தண்ணீர் ஏறியிருக்கிறது.

'மன்னிப்பு' தமிழ்ச் சொல்தானா என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு என்னைக் கேட்கிறாயே! உன் பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் 'மன்னிசு' என்று சொல்லாமலா இருப்பார்? தெலுங்கிலும் 'மன்னிஞ்சு' உண்டு. அந்த இரண்டு மொழிகளிலும் அதற்கு மதித்தல் என்ற பொருளும் இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று பஞ்சாயத்து பண்ண நான் ஆளில்லை. ஆனால் குறளில் பொறையுடைமை அதிகாரத்தைப் புரட்டிப் பார். பத்துக் குறளிலும் மன்னிப்பு என்ற வார்த்தை கிடையாது. பொறுத்தல், பொறை, அவ்வளவுதான்.

பொறை என்றால் சுமை என்றும் அர்த்தம். அதுதான் எனக்குப் பிடித்தது. மன்னிக்கிறவன் ஒரு படி மேலே நின்று ஒரு வார்த்தை சொல்வதோடு வேலை முடிந்துவிடும். பொறுக்கிறவன் தலையில் மூட்டை இருந்துகொண்டே இருக்கும். கோயிலில் நாம் கேட்பதும் இதைத்தான். ஐயப்பன் பூஜையில் "அறிந்தும் அறியாமலும் செய்த சகல குற்றங்களையும் பொறுத்து" என்றுதானே சொல்கிறோம்! ஏசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் கத்தோலிக்கர்கள் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்ல, அதே இடத்தில் புராட்டஸ்டன்ட் சி.எஸ்.ஐ. கோயிலில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறார்கள்.

கடன் என்றதும் என் பழைய கூட்டுறவுச் சங்க நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே எங்கள் வார்த்தை தள்ளுபடி. 2021-இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அதே தள்ளுபடி கோர்ட்டில் மனுவுக்கு வந்தால் வக்கீல் முகம் செத்துப்போகும். ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் தொங்குவதும் அதுதான். உங்கள் ஊரில் கடன் தள்ளுபடியைச் 'சால மன்னா' என்பார்கள், சரிதானே?

சரி, இத்தனை வார்த்தை எதற்கு என்று நினைப்பாய். பெரியப்பா மகன், என் மூத்த அண்ணன், வீட்டுக்கு வந்திருந்தார். பதினொரு வருஷம் கழித்து! வரப்பை ஒன்றரை அடி எங்கள் பக்கம் தள்ளி வெட்டிய அந்தக் கதை உனக்குத் தெரியும். அப்பா கடைசிவரை "அவனைத் தலைமுழுகிட்டேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் அண்ணியும் வெற்றிலைத் தட்டில் பத்திரிகையோடு திண்ணை ஓரம் நின்றார்கள். தையில் மகளுக்குக் கல்யாணம்.

மன்னிச்சிரு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. தம்பியிடம் எந்த அண்ணனுக்கு அது வரும்? தட்டைப் பார்த்தபடியே, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதடா" என்றார். நானும் யோசிக்காமல், "போகட்டும் விடுண்ணே" என்றேன். அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அவர் தப்பு செய்ததாக ஒத்துக்கொள்ளவும் இல்லை, நான் மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. எது போகட்டும், எங்கே போகட்டும்? ஒன்றும் தெரியாது. ஆனால் காரியம் நடந்துவிட்டது. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், "கை நனைச்சுட்டுத்தான் போகணும்" என்று என் வீட்டுக்காரி சொன்னதும் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவது தோசையை வேண்டாம் என்று கையால் மறைத்தபோது பார்த்தேன், அச்சு அசல் பெரியப்பாவின் கை.

பொறுப்பதைவிட மறப்பது நல்லது என்கிறார் வள்ளுவர். அதில்தான் நான் இன்னும் தேறவில்லை. நேற்றுக் காலை வயலுக்குப் போனேன். வரப்பில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கல்யாணத்துக்கு நீயும் வா. பத்திரிகை தனியாக அனுப்புகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்